ஏழுக்கு மேல்

ரெட்டிபாளையம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வினோதினியும் பாப்பா அபிநயாவும் நலம். உன் தோள் வலி எந்த மட்டில் இருக்கிறது? தைலத்தை நம்பிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

போனில் பேசாமல் மெயில் எழுதக் காரணம், இந்தச் சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும். வினோதினி காதில் விழ வேண்டாம் என்று நினைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் மன்ற விஷயம்.

உன் கல்லூரிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்பதற்காக நீ ஆரம்பித்த நிரல் மன்றத்தில் இன்று ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பதில் எழுதுவது மட்டும் இன்னும் நாம் இரண்டு பேர்தான். யார் எழுதினாலும் 'மன்றக் குழு' என்ற பெயரில்தான் போகிறது. அந்த ஏற்பாடு நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் எனக்கு வரும் வசவுக்கு அளவிருக்காது.

போன வாரம் 'முந்திரிக்கொட்டை' என்ற பெயரில் ஓர் ஆள் சேர்ந்திருக்கிறது. முதல் கேள்வி: "பைத்தானில் எழுதியதை ஓட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து உடனே மறைகிறது. என்ன செய்வது?" கூடவே கம்ப்யூட்டர் திரையைப் போனில் கோணலாக எடுத்த போட்டோ. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வழக்கம்போல 'தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கவும்' என்று போட்டு மூடிவிட்டேன். உடனே பதில் வருகிறது: "எதைத் தேடுவது என்று தெரிந்திருந்தால் உங்களை ஏன் கேட்கப் போகிறேன்?"

ஒன்றும் தெரியாதவன் இப்படிப் பேச மாட்டான். யாரோ நம்மைச் சீண்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. நீயும் கவனி.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி,
முத்தமிழ்செல்வன்


பெரம்பலூர்
12 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

தோள் வலி கரும்பலகையில் எழுதும்போது வருகிறது, சம்பளம் வாங்கும்போது போய்விடுகிறது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டதா?

அந்தக் கேள்வியை நானும் படித்தேன். அது நியாயமான கேள்வி. முதல் செமஸ்டரில் என் வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் கேட்கிறார்கள். நிரல் ஓடி முடிந்ததும் ஜன்னல் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு வரி போதும். போட்டோ தெளிவில்லை என்றால் கோடை எப்படிக் காப்பி செய்து ஒட்டுவது என்று சொல்லிக்கொடு. என்ன எழுதினாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, இந்த மூன்றையும் கேள். சரியாகக் கேட்கத் தெரியாதவருக்கு எப்படிக் கேட்பது என்பதுதான் முதல் பதில்.

'தேடிப் பார்' என்பது பதில் இல்லை. கதவை மூடிவிட்டு, கதவில் எழுதி ஒட்டும் அட்டை.

வினோதினி பற்றி எழுதுகிறேன் என்றாயே, என்ன?

அக்கா,
பூங்குழலி


ரெட்டிபாளையம்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டது. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை.

விஷயம் இதுதான். ஜனவரியிலிருந்து வினோதினி போனைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் அறைக்குள் வந்தால் கையில் இருப்பது துணிக்கடியில் போகிறது. பரணில் கிடந்த என் பழைய லேப்டாப்பை, பாப்பா படிப்புக்கு என்று இறக்கி வைத்திருக்கிறாள். பாப்பா அதில் படித்து நான் பார்க்கவில்லை.

போன செவ்வாய் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து வந்தேன். கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்திருந்தாள். ஓர் ஆண் குரல். வார்த்தை புரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசியது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டு, "என்னங்க, இவ்ளோ சீக்கிரம்?" என்றாள். பதினோரு வருஷத்தில் நான் சீக்கிரம் வந்ததற்கு அவள் காரணம் கேட்டது இதுதான் முதல் தடவை.

நேற்று உன்னைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பெரம்பலூர் பஸ் ஏறினாள். வந்தாளா?

மன்றத்தில் முந்திரிக்கொட்டை ஓயவில்லை. லிஸ்ட்டில் முதல் பொருளுக்கு ஏன் சைபர் என்று கேட்டது. 'பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது' என்று எழுதினேன். நீ கோபித்துக்கொள்வாய். ஆனால் ஆறு வருஷமாக இதே கேள்விக்குப் பதில் எழுதுகிறவன் நான்.

முத்தமிழ்செல்வன்


பெரம்பலூர்
9 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

தூங்காமல் கிடப்பவன் நாலு மணிக்கு மேல் டீ குடிக்கக் கூடாது.

நீ கேட்டதற்குப் பதில்: வினோதினி வந்தாள். சாப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

முந்திரிக்கொட்டைக்குச் சைபர் பற்றி நான் பதில் எழுதிவிட்டேன். முதல் பொருள் ஆரம்ப இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார், ஓர் அடியும் தள்ளி இல்லை, அதனால் சைபர் என்று எழுதினேன். 'இப்போது புரிந்தது, நன்றி' என்று வந்தது. நீ ஆறு வருஷமாகச் சொல்கிறாய், சரி. கேட்டது ஒரே ஆள் இல்லையே. ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை.

அக்கா,
பூங்குழலி


ரெட்டிபாளையம்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் ஏறிவிட்டது. சிமெண்ட் தூசியும் வெயிலும் சேர்ந்தால் தொண்டை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மற்றபடி நலம்.

வந்தாள், சாப்பிட்டாள், கிளம்பினாள். மூன்றே வார்த்தை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டால்கூட முழுப் பக்கம் எழுதுகிறவள் நீ. என் மனைவி உன் வீட்டில் அரை நாள் இருந்ததை மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாய். நான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன்.

இன்னொன்று. நேற்று முந்திரிக்கொட்டை எழுதியது: 'சுரங்கத்தில் மதிய வெடி வைத்த அதிர்ச்சியில் பயந்து லேப்டாப்பை மூடிவிட்டேன், எழுதியதெல்லாம் போய்விட்டது, திரும்பக் கிடைக்குமா?' மதிய வெடி! சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிற ஊர் ஆள். இந்த ஊராகவே இருக்கலாம்.

எனக்கு ஒருவர் மேல்தான் சந்தேகம். என் செக்‌ஷனில் இருக்கும் ராஜராஜன். செக்‌ஷன் பொறுப்புக்கு அவரும் நானும்தான் வரிசையில் இருக்கிறோம். வேண்டுமென்றே முட்டாள்தனமாகக் கேட்டு, நான் எரிந்து விழுவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜரிடம் கொண்டுபோகத் திட்டம். மன்றத்தில் நான் இருப்பது அவருக்குத் தெரியும்.

பதிவு செய்த மெயில் முகவரி உனக்கு மட்டும்தான் தெரியும். பார்த்துச் சொல்.

முத்தமிழ்செல்வன்


ரெட்டிபாளையம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று மாமாவுக்குப் போன் செய்தேன். "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா, சீரியல் பாத்துட்டு இருக்கா" என்றார்.

ராஜராஜனிடம் கேன்டீனில் நேராகவே கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "முந்திரிக்கொட்டையா? யோவ் முத்தமிழ், நான் பாஸ்வேர்டு மறந்துட்டாலே உன்னத்தான் கூப்பிடுறேன். எனக்கு இதெல்லாம் எங்கய்யா நேரம்?" என்றார். பக்கத்து மேசை சிரித்தது. அன்றிலிருந்து செக்‌ஷனில் எனக்கே அந்தப் பெயர்.

அதனால் அவர் இல்லை என்று ஆகிவிடாது.

புதன்கிழமை அந்த ஆள் ஒரு ஃபைல் போட்டது. முந்திரி மூட்டை எடைக் கணக்கு. மூட்டை எண், எடை என்று இரண்டு பத்தி. மொத்தம் கூட்டும் நிரல் முதல் வரியிலேயே நிற்கிறதாம். பார்த்தால் முதல் மூட்டைக்கு எண் இல்லை, 'லாபம்' என்று எழுதியிருக்கிறது. சரி, ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பது இந்தப் பக்கம் எல்லாக் களத்திலும் உள்ளதுதான். கேட்டவரே அதை 1 என்று மாற்றிப் பார்த்தாராம், அப்புறம் எட்டாவது வரியில் நிற்கிறதாம். இப்படிக் கையால் மாற்றாமலே ஓட வைக்க முடியுமா என்று கேள்வி. எட்டாவது வரியைப் பார்த்தேன். ஏழுக்கு அடுத்து 'ஏழுக்கு மேல்' என்று இருக்கிறது. அதற்கடுத்து 9.

உலகத்தில் யார் அக்கா இப்படி எண்ணுவார்கள்? என்னைச் சோதிக்கவே தயாரித்த ஃபைல் இது. 'எட்டு வரை எண்ணத் தெரிந்துகொண்டு கம்ப்யூட்டர் பக்கம் வரவும்' என்று எழுதி, அந்த ஆளைத் தடை செய்துவிட்டேன்.

முத்தமிழ்செல்வன்


பெரம்பலூர்
27 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நான் நலம். பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

பதிவு முகவரியைப் பார்த்தேன். ராஜராஜன் இல்லை. தடை செய்ய வேண்டிய ஆளும் இல்லை. யார் என்று சொல்ல மாட்டேன். நம்பிப் பதிவு செய்தவர் பெயரை மன்றம் வெளியிடாது என்ற விதி நீ எழுதியது.

அந்த ஆள் ஒரு வேலைக்காக மே மாதக் கடைசிக்குள் ஒரு சின்ன நிரலைத் தானே எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. நீ எழுதிய வரியைப் படித்துவிட்டு, இது எனக்கு வராது என்று விட்டுவிடப் பார்த்தது. என்னால் முடிந்ததைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தடையை நானே எடுக்க முடியும். எடுக்கப் போவதில்லை. போட்டவனே எடுக்கட்டும்.

அந்த ஃபைல் தயாரித்தது என்று எப்படி முடிவு செய்தாய்? 'இது யார் எண்ணியது?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

பூங்குழலி


ரெட்டிபாளையம்
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த ஆளை உனக்குத் தெரிந்திருக்கிறது. நடக்கட்டும். எனக்கு இப்போது மன்றம் பெரிதில்லை.

போன மாதம் ஒரு நாள் வினோதினி கண் வீங்கியிருந்தது. கேட்டால், "வெங்காயம் உரிச்சேங்க" என்றாள். அன்று வீட்டில் ரசம், சுட்ட அப்பளம். நீ கொடுத்தனுப்பிய சின்ன வெங்காயம் கூடையில் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமைதோறும் ஜெயங்கொண்டம் போகிறாள். பல் டாக்டர் என்கிறாள். எந்தப் பல் என்றால் ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது.

நேற்று மாலை சமையலறையில் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன். "அவருக்கு இப்ப தெரிய வேணாம். மாசக் கடைசிக்குள்ள முடிச்சிட்டு நானே சொல்லிக்கிறேன்." எதை முடிப்பது? எதைச் சொல்வது?

கங்கைகொண்ட சோழபுரத்தில் மாமனார் தோப்பில் முந்திரி எடுத்து முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை மூட்டை எடை போடுகிறார்கள், எங்களை வரச் சொல்லியிருக்கிறார். வினோதினி சனிக்கிழமையே பாப்பாவோடு போகிறாள். நான் ஞாயிறு காலை போவேன். அவள் அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் இருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் வைத்துக் கேட்கப் போகிறேன். அந்த ஆண் குரல் யாருடையது என்று அவள் அங்கேயே சொல்லட்டும். சொல்லாவிட்டால் அங்கேயே இருக்கட்டும். நான் மட்டும் திரும்பி வருவேன்.

உனக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு.

முத்தமிழ்செல்வன்


பெரம்பலூர்
16 மே 2025

தம்பி,

சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேட்க வேண்டும் என்றால் கேள். ஆனால் கடைசி மூட்டை எடை போட்டு முடிகிறவரை வாயைத் திறக்காதே. மெஷின் பக்கத்திலேயே நில். அக்கா என்ற முறையில் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

பூங்குழலி


ரெட்டிபாளையம்
19 மே 2025

அக்கா,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். கோபுரத்துக்குப் பின்னால் இறங்கித் தோப்புக்கு நடந்தேன். கேட்க வேண்டியதை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். களத்தில் எடை மெஷின் வைத்திருந்தார்கள். மைத்துனரும் இன்னொருவரும் மூட்டையைத் தூக்கி வைக்க, மாமனார் எடையைப் படித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் போன், ரெக்கார்டு ஓடுகிற சிவப்புப் புள்ளியோடு.

"வாங்க மாப்ள. முகமெல்லாம் ஏன் வாடியிருக்கு? பஸ்ஸுல நின்னுட்டே வந்தீங்களா?" என்றார். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. உன் மெயில் ஞாபகம் வந்தது. மெஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

புதுக் குவியலுக்கு மூட்டை ஏறியது. "லாபம்... எழுவத்தொம்பதர." அடுத்தது. "ரெண்டு... எம்பது." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு அந்தக் குரல் கொல்லைப்பக்கம் கேட்ட மாதிரி இருந்தது. இருக்காது என்று நினைத்தேன். மூன்று, நாலு, ஐந்து, ஆறு. "ஏழு... எழுவத்தெட்டு." அடுத்த மூட்டையை வைத்தார்கள்.

"ஏழுக்கு மேல... எம்பதர."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த மூட்டைக்கு "ஒம்போது" என்றார்.

"ஏன் மாமா எட்டுன்னு சொல்லல?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுல களத்துல எட்டு சொல்றதில்ல மாப்ள. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்புடித்தான். ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது. வெளிய யாரும் இப்புடிச் சொல்ல மாட்டாங்க. பதினோரு வருசமா வர்றீங்க, இன்னிக்குத்தான் காதுல வுழுந்துச்சா?" என்று சிரித்தார். பிறகு பையைத் தட்டிக் காட்டி, "ஒவ்வொரு தடவ எடை போடுறப்பவும் வினோதினிதான் ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லிருக்கா. நான் சொல்றத சொன்னபடியே டைப் பண்ணிக்குறாளாம். எதுக்குன்னு கேட்டா, அப்புறம் சொல்றேங்குது" என்றார்.

வினோதினி மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தாள். அப்பா பையைத் தட்டுவதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது பயம். அக்கா, என்னைப் பார்த்து அவள் பயந்து நின்றதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை.

"மோர் குடு, தாகமா இருக்கு" என்றேன். மிச்ச மூட்டைக்கெல்லாம் நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தடையை எடுத்தேன். பழைய என் வரியை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

'தவறான பதிலுக்கும் தடைக்கும் மன்றம் மன்னிப்புக் கேட்கிறது. உங்கள் ஃபைலில் தப்பு இல்லை. முதல் வரியிலும் எட்டாவது வரியிலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் இருக்கிறது. நிரல் அதை எண்ணாக மாற்றத் தெரியாமல் நிற்கிறது. எண்ணிச் சொல்பவரை மாற்றிச் சொல்லச் சொல்ல வேண்டாம். லாபம் என்றால் 1, ஏழுக்கு மேல் என்றால் 8 என்று நிரலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அதற்கு ஒரு சின்ன உதாரணம் கீழே. முயன்று பாருங்கள். நின்றால், எந்த வரியில் நிற்கிறது என்று எழுதுங்கள்.'

நாலே வரி உதாரணம். அதை எழுத எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

ராஜராஜனிடம் இன்று மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல முந்திரிக்கொட்டை" என்றார்.

முத்தமிழ்செல்வன்


பெரம்பலூர்
24 மே 2025

அன்புத் தம்பிக்கு,

தோள் இந்த வாரம் தேவலை. மாமா உன்னை விசாரித்தார்.

நேற்று வினோதினி போன் செய்தாள். நிரல் ஓடிவிட்டதாம். ஜெயங்கொண்டத்தில் முந்திரி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் வியாழக்கிழமை அதைக் காட்டப் போகிறாளாம். உன்னிடம் இனி இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"அண்ணி, மன்றத்துல பதில் எழுதுற ஆள மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, அதே ஆளுதான்" என்றேன்.

உடனே, "சரிங்க அண்ணி, குக்கர் விசில் அடிக்குது" என்று வைத்துவிட்டாள். எனக்கு விசில் எதுவும் கேட்கவில்லை.

அக்கா,
பூங்குழலி


ரெட்டிபாளையம்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஒரு மழை பெய்து தூசி அடங்கியிருக்கிறது. மூவரும் நலம். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வினோதினிக்கும் வேலை உறுதியாகிவிட்டது. காலை ஏழே முக்கால் பஸ்ஸுக்கு இருவருக்கும் நான்தான் டப்பா கட்டுகிறேன்.

முந்தாநாள் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். போன் பக்கத்தில், திரை மேலே தெரிய இருந்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம். மன்றத்துல கேக்கட்டுமா, இங்கயே கேக்கட்டுமா?"

எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "இங்கயே கேளு" என்றேன்.

"சிரிக்கக் கூடாது. கல்யாணமான புதுசுல ஒண்ணு கேட்டேன், பி.எஸ்ஸி படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதான்னு சிரிச்சீங்க. அதுக்கப்புறம் நான் கேட்டேனா?"

எனக்கு அது ஞாபகமே இல்லை அக்கா. அவள் கேட்டது சின்னக் கேள்வி, ஒரு வரியில் சொல்லிவிடலாம். என்ன எழுதினாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது என்று கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே வந்து மூன்றாவதைச் சொல்லும்போது தப்பை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதைக் கேட்கப் போனேன் என்று அவளுக்குத் தெரியாது. மே பதினாலாம் தேதி மெயிலை நான் அழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் அழித்துவிடு.

இந்த ஒன்றில் உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. வாக்குக் கொடுத்தால் நீ சொல்ல மாட்டாய்.

மாமாவுக்கு வணக்கம். தோளைப் பார்த்துக்கொள்.

தம்பி,
முத்தமிழ்செல்வன்